பச்சை எரிந்தால் போதும்

என் கணவர் சிவபிரசாத் தமது கிதாருக்குச் சுருதி சேர்க்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வார். வாசிப்பது பத்து நிமிடம். அதன்பின் சுருதி சேர்த்த விதத்தை எனக்கு விளக்குவது அரை மணி நேரம். இந்த மூன்றில் எது சங்கீதம் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் இருக்கும்.

தோளில் மாட்டி மீட்டுகிற கிதார் அல்ல அது. நான்கு கால்மேல் நிற்கும் ஒடுங்கிய மேஜை. மேலே பத்துக் கம்பிகள். கீழே காலால் மிதிக்க மூன்று பெடல்கள், முழங்காலால் தள்ள நான்கு நெம்புகோல்கள். இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்கிக்கொண்டே வலது கை விரல்களால் மீட்ட வேண்டும். பெடலை மிதித்தால் ஒன்றிரண்டு கம்பிகளின் சுரம் மட்டும் மெல்ல இழுபட்டு ஏறும். மற்றவை நின்ற இடத்தில் நிற்கும். தெரிந்தவர்கள் வாசித்தால், அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் பேசுவதைப் போல இருக்கும். செல்போனில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கேட்டதில்லை.

அபுதாபிப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கம்பெனி முகாமில் அவருக்கு வேலை. கூட இருந்த அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு இதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பெடல் ஸ்டீல் கிதார். கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இது ஒன்றுதான் என்று இவர் சொல்வார். மறுக்க ஆள் கிடையாது.

சுசீந்திரத்தில் எங்கள் வீட்டுக்கு அது வந்து இறங்கிய அன்று, அவருடைய அண்ணன் தாணுலிங்கம் பார்க்க வந்தார். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். குனிந்து பெடல்களைப் பார்த்தார். எழுந்து மேலே பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"ஏலே மக்கா, இது தையல் மிஷின்லா."

"கிதாரு அண்ணாச்சி."

"காஜா எடுக்குமா?"

அன்றிலிருந்து குடும்பத்தில் அதற்குத் தையல் மிஷின் என்றே பெயர். பெரியத்தானின் மனைவி சுஜா அக்கா வரும்போதெல்லாம், ரவிக்கைத் துணி கொண்டு வரட்டுமா கொழுந்தனாரே என்று கேட்பாள். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு உள்ளே போய் டியூனரை எடுத்து மாட்டுவார்.

டியூனர் என்பது துணிக்கு மாட்டுகிற கிளிப் மாதிரி ஒரு சாமான். கிதாரின் தலைப்பக்கம் கவ்விக்கொள்ளும். கம்பியை மீட்டினால் அந்த அதிர்வைப் பிடித்து, சிறிய திரையில் என்ன சுரம் என்று ஆங்கில எழுத்தில் காட்டும். சுருதி இறங்கியிருந்தால் முள் இடப்பக்கம், ஏறியிருந்தால் வலப்பக்கம். நடுவில் வந்து நின்றால் பச்சை எரியும். பச்சை எரிந்துவிட்டால் அவருக்கு உலகத்தில் ஒரு காரியம் தீர்ந்தது. அந்தச் சுரம் எப்படி ஒலிக்கிறது என்பது அவருக்கு அநாவசியம். ஒலியை அடைத்து வைத்துவிட்டுத்தான் சுருதி சேர்ப்பார்.

அவரிடம் இப்படிப்பட்ட சாமான்கள் நிறைய. அரிசியைப் படியால் அளந்து போட்டுக்கொண்டிருந்த அடுக்களைக்கு ஒரு டிஜிட்டல் தராசு வந்தது. பாலுக்கு உறை ஊற்றுமுன் சூடு பார்க்க ஒரு கம்பி வந்தது. ஐப்பசியில் ஒரு நாள் கொடியில் கிடந்த துணியை நான் ஓடி ஓடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவர் வாசலில் நின்று செல்போனைப் பார்த்து, "இப்ப மழ இல்லன்னுல்லா போட்டிருக்கு" என்றார். தோள்பட்டை நனைந்துகொண்டிருந்தது.

பூதப்பாண்டியில் நான் எட்டு வருடம் பாட்டு படித்தவள். கல்யாணத்தோடு நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தொடரச் சொல்லவும் இல்லை. குரல் போனாலும் காது போகவில்லை. அவர் வளைகுடாவில் இருந்த பத்தொன்பது வருடங்களில், விடுமுறைகளைக் கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து இருந்தது இரண்டே கால் வருடம். மகன் ஆதர்ஷ் கோயம்புத்தூரில் விடுதிக்குப் போனபின் வீட்டில் நான் மட்டும். பேச ஆளில்லாத வீட்டில் காது வளரும். எங்கள் குளிர்சாதனப் பெட்டி எந்தச் சுரத்தில் முனகும், பக்கத்து வயலில் மோட்டார் தண்ணீர் இழுக்கத் தொடங்கினால் எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடிந்து நான்கு மணிக்கு வந்தால், ஆறு மணி வரை ஜன்னலோரம் புத்தகம். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. அதை நான் தனிமை என்று நினைத்ததே இல்லை. சம்பளம் மாதிரி, உழைத்துச் சேர்த்துக்கொண்டது என்று நினைத்திருந்தேன்.

நீண்ட விடுமுறையில் வந்திருக்கும் அவர் அந்த நான்கு மணிக்குத்தான் இப்போது டியூனரை மாட்டுகிறார்.

முதல் மாதம் சொல்லிப் பார்த்தேன். பத்துக் கம்பிகளில் நாலாவதையும் எட்டாவதையும் ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால் மூன்றாவதும் ஆறாவதும் காந்தாரம். திரையில் ஜி ஷார்ப் என்று வரும். டியூனர் சொல்லும் காந்தாரம், காது கேட்கிற காந்தாரத்தைவிட ஒரு நூல் மேலே நிற்கும். மற்றக் கம்பிகளோடு சேர்த்து மீட்டினால் ஒரு புளிப்பு.

"காந்தாரம் ஏறி நிக்கு" என்றேன்.

"எங்க ஏறி நிக்கு? பச்சை எரியுது பாரு."

"எரியட்டும். சேத்து மீட்டிப் பாருங்க, கூடி வரல்ல."

"ஓமனா, நீ சொல்லுகது ஒனக்குத் தோணுகது. இது அளவு. மிஷினுக்கு ஒண்ணும் தோணாது."

அது உண்மை. மிஷினுக்கு ஒன்றும் தோன்றாது.

இடையில் ஒரு வாரம் எங்கிருந்தோ ஓர் அட்டவணை கண்டெடுத்தார். எந்த நாட்டிலோ ஒரு வாசிப்பாளர் தம் காதால் கேட்டு, மூன்றாவது கம்பியை இத்தனை அளவு பச்சைக்கு இடப்பக்கம் வை, ஆறாவதை இத்தனை வை என்று எண்களாக எழுதி வைத்திருக்கிறார். இவர் அந்த எண்களை ஒட்டி வைத்துக்கொண்டு முள்ளைச் சரியாக அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். அந்த ஒரு வாரம் கிதார் நன்றாக இருந்தது. பக்கத்தில் இரண்டு காது சும்மா இருக்க, கடல் கடந்த ஒருவன் காதை எண்ணாக மாற்றி வாங்கி வந்த மனிதரை நான் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் எல்லாம் பச்சையில்தான் இருக்க வேண்டும் என்று அட்டவணையைக் கிழித்துப் போட்டார். அதன்பின் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எளிது.

கீபோர்டு என்று சொன்னது ராஜமணி விஷயம். நாகர்கோயிலில் மெல்லிசைக் குழு வைத்திருக்கிறார். கல்யாண வரவேற்பு, சர்ச் விழா, கோயில் கொடை எதற்கும் போவார். பெரியத்தான் மகள் அஸ்வதியின் கல்யாணத்துக்கு அவர் குழுதான். அதில் இவரும் வாசிப்பதென்று ஏற்பாடு. கம்பெனியிலிருந்து, விடுமுறை முடிகிறது, வருகிறாயா இல்லையா, பதினைந்தாம் தேதிக்குள் சொல் என்று மெயில் வந்திருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு சாப்பிடும்போது சொன்னார்.

"ஓமனா, நான் ஒண்ணு தீருமானிச்சிருக்கேன். அஸ்வதி கல்யாணத்துல நல்லபடியா வாசிச்சிட்டேன்னு வையி, ராஜமணி அண்ணன் குழுவுல சேத்துக்கிடுகேன்னு சொல்லியிருக்காரு. நான் போகல்ல. இங்கயே இருந்துருவேன். ஒருவேள சரியா வரல்லன்னா, இருபதாந்தேதி கெளம்புகேன். அப்புறம் இந்தப் பேச்சே இல்ல."

"சரி."

"நீ என்ன சொல்லுக?"

"ரசம் ஊத்தட்டா?"

அவர் தட்டை நீட்டினார். என் ஜன்னலோரமும் நான்கு மணியும் ஒரு காந்தாரத்தில் தொங்குகின்றன என்று நினைத்துக்கொண்டே ஊற்றினேன். சிரிப்பு வந்தது. அவர் வாசிப்பு நன்றாக இருக்க வழியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கல்யாணம் கொட்டாரத்தில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் பூதப்பாண்டி. காலை எட்டு மணிக்கே தெரிந்த பையன் அனிஷின் வேனில் கிதாரை ஏற்றிக்கொண்டு போய்விட்டோம். முகூர்த்தம் முடியும்வரை மேளக்காரர்கள் மேடையில் இருந்ததால் பெட்டி வேனிலேயே வெயிலில் கிடந்தது. தாலி கட்டி முடிந்து மேளக்காரர்கள் முதல் பந்திக்கு இறங்கினார்கள். மண்டபத்துக்கு மின்சாரம் போய்விட்டிருந்தது. மேடைக்குப் பின்சுவரை ஒட்டி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பார் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தன.

இவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிதாருக்குக் கால் பூட்டினார். அதைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியது. எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியாததைப் பார்த்தால் தொட வேண்டும், தொட்டபின் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

"இது கறண்டுலயா ஓடுது?"

"அங்க அரபி வாசிப்பானா இத?"

"அரபி எங்கவேய் வாசிப்பான், அவன் ஒட்டகத்துப் பாலக் குடிச்சிட்டுப் படுப்பான். இது வெள்ளக்காரன் சாமானம்."

"வெள்ளக்காரன் நின்னுல்லா வாசிப்பான். இவன் இருந்து மிதிக்கப் போறான்."

பெரியத்தான் மணப்பெண்ணின் தகப்பன் என்கிற பரபரப்பிலும் ஒரு நிமிடம் ஒதுக்கி வந்து, "மக்கா, மானத்த வாங்கிராத. பூதப்பாண்டிக்காரனுவ சங்கீதம் தெரிஞ்சவனுவ" என்று சொல்லிவிட்டுப் போனார். பூதப்பாண்டிக்காரர்கள் அப்போது பந்தியில் உப்பேரி வறுவல் எத்தனை வகை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

என்னை மேடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். விரலில் மாட்டுகிற உலோக நகங்கள் என் கைப்பையில் இருந்தன. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். அவர் ஒலியை அடைத்துவிட்டு, டியூனரைக் கவ்வவைத்துச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். நெற்றியில் வியர்வை. ஒவ்வொரு கம்பியையும் மீட்டி, முள்ளைப் பார்த்துத் திருகி, பச்சை வந்ததும் அடுத்தது.

ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தார். அப்போது திரையைப் பார்த்தேன். எந்தக் கம்பியும் ஒலிக்கவில்லை. திரையில் ஜி ஷார்ப் என்று எழுத்து. பச்சை எரிந்துகொண்டிருந்தது.

விரல் நுனியைக் கிதாரின் உடம்பில் வைத்தேன். அதிர்ந்தது. மேடைப் பலகை அதிர்ந்தது. பின்சுவருக்கு அப்பால் ஜெனரேட்டரின் முனகலைக் கேட்டேன். அடியில், மிகவும் அடியில், அதே காந்தாரம். டியூனர் ஜெனரேட்டருக்குச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற எட்டுக் கம்பிகளால் குழப்பமில்லை. அவற்றின் எழுத்து வேறு. அவை ஒலிக்கும்போதே பார்த்துத் திருகிவிட்டார். காந்தாரக் கம்பிகள் இரண்டும்தான் சிக்கல். மூன்றாவதை மீட்டினார். முள் இடப்பக்கம் துடித்தது, கம்பி ஓய ஓய நடுவுக்கு வந்து பச்சையில் நின்றது. முள் அடங்கும்வரை பொறுக்க வேண்டும் என்பது அவருடைய விதி. பொறுத்தார். தலையசைத்தார். ஆறாவதற்கும் அப்படியே. வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்து தளர்ந்த கம்பிகள் இரண்டும் தளர்ந்தபடியே இருந்தன. குனிந்திருந்த எனக்கு அடைத்து வைத்த ஒலியிலும் அது கேட்டது. இந்தத் தடவை ஏற்றமல்ல, நல்ல இறக்கம். எந்த மடையனுக்கும் தெரிகிற இறக்கம்.

நாற்பத்தாறு வயது மனிதர் ஒருவர், பட்டு வேட்டியோடு, டீசல் எஞ்சினிடம் சுரம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இதற்கு மேல் ஒரு மனிதனைப் பற்றி நினைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

அப்போது அவர் நிமிர்ந்தார். கூட்டம் பந்திப் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தது. ராஜமணி கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தார். இவர் என் பக்கமாகக் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

"ஓமனா, ஒண்ணு கேட்டுச் சொல்லு. சரியா இருக்கா? எனக்கு என்னமோ போல இருக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தார். ஒரு சொல் போதும். மூணு, ஆறு என்று விரலால் சுட்டினால்கூடப் போதும். ராஜமணியிடம் ஒரு சுரம் வாங்கி இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

"பச்சை எரியுதுல்லா" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். ஆமாம், எரிந்தது. மூச்சை விட்டுச் சிரித்தார். "ஆமா, எரியுது" என்றார், என்னவோ நான் பெரிய ஆறுதல் சொல்லிவிட்ட மாதிரி. நான் மேடையிலிருந்து இறங்கி மூன்றாவது வரிசையில் சுஜா அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தையல் மிஷின் தயாராட்டி?" என்றாள்.

"தயார்க்கா."

எல்லோருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டு ஒன்று. ராஜமணி இரண்டு வரி வாசித்துவிட்டு இவருக்கு விட்டார். இவர் உருளையை வைத்து, கம்பிகளை ஒன்றாகச் சேர்த்து மீட்டினார்.

பிளந்து கேட்டது. ஒரு நல்ல துணி முழங்கால் பக்கம் கிழிந்து தொங்குவதைப் போல அந்தக் காந்தாரம் தொங்கியது. ராஜமணியின் தலை லேசாகத் திரும்பி, தொழில்காரருக்குரிய நாகரிகத்தோடு மறுபடியும் நேரானது. மண்டபத்தில் வேறு யாரும் அசையவில்லை. சங்கீதம் தெரிந்த பூதப்பாண்டிக்காரர்களில் ஒருவர் தாளம் போட்டார், தப்பாக. மணமேடையில் அஸ்வதி போட்டோக்காரனுக்குக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியப்போவதில்லை, இரண்டு பாட்டு முடிந்து ராஜமணி பக்குவமாக ஒலியைக் குறைக்கச் சொல்லும்போதுதான் உறைக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவர் கை நின்றது. ஒரு தாளத்துக்கும் குறைவான நேரம். கண் திரைக்குப் போனது. பச்சை. மறுபடியும் கம்பிகளைப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வலது கையால் டியூனரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். அடுத்த வரியை அந்த இரண்டு கம்பிகளையும் தொடாமல் வாசித்தார். நாலாவது, ஐந்தாவது, எட்டாவது, பத்தாவது. காந்தாரம் வேண்டிய இடத்தில் வேறொரு கம்பியில் உருளையைத் தள்ளிவைத்து அதைத் தனியாக எடுத்தார். பார்த்துச் செய்யவில்லை. கண்ணை மூடியிருந்தார். உருளை போய் நின்ற இடம் எட்டு வருடம் நான் பாடிப் பழகிய காந்தாரம். பச்சைக்கு ஒரு நூல் கீழே.

பெரிய வாசிப்பு ஒன்றுமில்லை. மெலிந்த, பயந்த வாசிப்பு. ஆனால் சுத்தம். ஐந்து பாட்டும் அப்படியே வாசித்தார்.

காது இருந்திருக்கிறது. என்னால் அதைத்தான் விழுங்க முடியவில்லை. இத்தனை நாளும் நான்கு மணிக்கு நான் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்துப் பரிகசித்த மனிதருக்கு, நான் கேட்டதெல்லாம் கேட்டிருக்கிறது. தன் காது சொல்வதைத் தானே நம்பத் தைரியமில்லாமல் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்று விளக்கைவிட ஒரு படி மேலாக என்னை நம்பியிருக்கிறார். நான்காவது பாட்டின் நடுவில் கண்ணைத் திறந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தார். நான் சுஜா அக்காவின் வளையலைப் பார்த்தேன்.

கடைசிப் பந்தியில் எங்களுக்கு இலை போட்டார்கள். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில். அவருக்கு அந்தப் பக்கம் ராஜமணி. பெரியத்தான் பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டே வந்து இவர் முதுகில் தட்டினார்.

"மக்கா, கொள்ளாம்டே. பூதப்பாண்டிக்காரன் ஒருத்தன், இது என்ன புல்லாங்குழலான்னு கேக்கான்."

சங்கீதம் தெரிந்தவர்களே. நான் அவியலைப் பருப்போடு பிசைந்தேன்.

பெரியத்தான் போனபின் ராஜமணி சொன்னார். "தம்பி, ரெண்டு கம்பியத் தொடாம வாசிச்சேருல்லா, நான் கவனிச்சேன். மொத மீட்டலு கேட்ட ஒடனே நெனச்சேன். அந்தக் கிளிப்பு டியூனரு ஜெனரேட்டர் அதிர்வப் பிடிச்சிருக்கும். எனக்கு குளச்சல்ல ஒரு தடவ நடந்திருக்கு. அது கெடக்கட்டும், சமாளிச்சேரு பாரும், அதுதான் வாசிப்பு. முப்பதாந்தேதி குலசேகரத்துல ஒரு ரிசப்ஷன். வருவேரா?"

"ஜெனரேட்டரா?" என்றார் இவர்.

"ஆமா. யாராவது காது உள்ளவங்க பக்கத்துல நின்னிருந்தா அப்பமே பிடிச்சிருப்பாங்க."

அடைப்பிரதமன் பாயசம் வந்தது. வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தார். ராஜமணி பப்படத்தை நொறுக்கிப் பிரதமனில் போட்டுக்கொண்டே மறுபடியும் கேட்டார்.

"வருவேரா தம்பி?"

"சாயங்காலம் சொல்லுகேன் அண்ணே."

அவர் என் பக்கம் திரும்புவார், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை. இலையை மடக்கிவிட்டு எழுந்தார். என் மௌனத்தை நான் விரும்பியபடியெல்லாம் அனுபவித்திருக்கிறேன். இன்னொருவர் மௌனத்துக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்கு யாரும் காட்டித் தந்ததில்லை.

மூன்றரை மணிக்கு வேன் புறப்பட்டது. முன்னிருக்கையில் அவர், ஓட்டுகிற இடத்தில் அனிஷ், பின்னால் கிதார்ப் பெட்டியோடு நான். அனிஷ் நல்ல பையன். முப்பது வயதிருக்கும். பேசாமல் இருக்கத் தெரியாது.

"அண்ணே, பாட்டு கொள்ளாம் கேட்டியளா. நான் வெளிய நின்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரி பெமிலாவுக்கு செல்லுல பிடிச்சு அனுப்பிருக்கேன்."

"உம்."

"அக்கா, நீங்க பாட்டு படிச்சவங்கன்னு சொல்லுவாங்க. நீங்க என்ன சொல்லுகிய? அண்ணன் வாசிச்சது எப்படி?"

வழுக்கம்பாறை தாண்டிக்கொண்டிருந்தோம். அனிஷ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். முன்னிருக்கையில் அவர் தலை அசையவில்லை. காத்திருக்கிறார் என்று அந்தக் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நன்றாக இருந்தது என்று சொன்னால் போதும். அவர் நம்பியிருப்பார். நம்ப விரும்பினார். முப்பதாம் தேதி குலசேகரம், அதன்பின் வேறு ஊர், தினமும் நான்கு மணிக்கு டியூனர், நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போல இருந்திருக்கலாம். அந்த ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வராத உண்மை, யாருக்கும் பிரயோஜனமில்லாத நேரத்தில் வந்து நின்றது.

"ரெண்டு கம்பி தாந்து இருந்துது" என்றேன்.

அனிஷ், "அப்படியா, நமக்கு ஒண்ணும் தெரியல்ல" என்றான்.

அவர் திரும்பாமலே கேட்டார். "எந்த ரெண்டு?"

"மூணும் ஆறும்."

"எப்பத் தெரியும்?"

"நீங்க கேக்கதுக்கு முன்னாலேயே."

தலையாட்டினார். டியூனர் ஜி ஷார்ப் காட்டியபோது தலையாட்டியது போல அல்ல; வயதான ஒருவர் செய்தி கேட்டுக்கொள்கிற மாதிரி. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். கண்ணாடி போடாமல் படிப்பதற்காக எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர். பின்னாலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. இருபதாம் தேதி கிளம்பி வேலைக்கு வருகிறேன் என்று கம்பெனிக்கு எழுதினார். அனுப்பினார். செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அனிஷே, இவள சுசீந்திரத்துல எறக்கி விட்டுட்டு நாகர்கோயிலுக்கு விடு. கிதார ராஜமணி அண்ணன் வீட்டுல எறக்கணும்."

"ஏண்ணே, வாசிக்கண்டாமா?"

"அவரு வச்சிருக்கட்டும். அவரு காதுல கேட்டதச் சொல்லுகவரு."

எங்கள் தெருமுனையில் வேன் நின்றது. மணி நான்கு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. நான் இறங்கி, பெட்டி சரியாமல் இருக்க அதன் வாரை இருக்கையோடு இழுத்துக் கட்டினேன். கதவை அவரே உள்ளிருந்து சாத்தினார்.